கொல்லப்பட்டானா, கொல்லப்பட்டாரா?

"செத்தவங்கள எழுதுற எடம் இதுதானே?"

படிக்கட்டு முடியும் இடத்தில் நின்று அந்தப் பெண் கேட்டார். முப்பது வயதிருக்கும். வெளியே நல்ல மழை. கையில் குடை இருந்தும் விரித்த மாதிரித் தெரியவில்லை. புடவையிலிருந்து சொட்டிய தண்ணீர் பலகைத் தரையில் வட்டமாகத் தேங்கிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால், இரண்டு படி கீழே, ஓர் இளைஞர் மேலே வரத் தயங்கி நின்றார்.

நான் தட்டச்சு இயந்திரத்திலிருந்து கையை எடுத்தேன்.

"எங்க வீட்டுக்காரரு நேத்து விடியக்காலைல செத்துட்டாரு. அவரப் பத்தி என்னா எழுதப் போறீங்கன்னு கேக்க வந்தேன்."

என் இயந்திரத்தில் அப்போது பாதியில் நின்றுகொண்டிருந்தது அவருடைய கணவரின் செய்திதான். அது அவருக்குத் தெரியாது. எனக்கும் அந்த நொடிவரை தெரியாது.

பசை வாடைக்கு மேலே

காஜா பெராங் சாலையில் ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடியில் எங்கள் செய்தி நிறுவனத்தின் மலாக்கா கிளை இருந்தது. கிளை என்றால் இரண்டு மேசை, ஒரு தொலைபேசி, சுழலும்போது முனகும் ஒரு காற்றாடி. கீழே டியூப் ஒட்டும் பசையின் வாடை தரை இடுக்கு வழியாக நாள் முழுவதும் மேலே வரும். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாலும் போகாது. போன வாரம் இந்தப் பகுதியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, "அந்தக் காலத்தில் பத்திரிகை வேலை எவ்வளவு பெருமை!" என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். பெருமை இருந்திருக்கலாம். எனக்கு நினைவிருப்பது அந்தப் பசை வாடைதான்.

கான்வெண்டில் படித்து ஆங்கிலத்தில் தட்டச்சு கற்றிருந்தேன். தமிழ், வீட்டில் அப்பா சொல்லிக்கொடுத்தது. அவர் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், காயத்துக்குக் கட்டுப் போடும் வேலை. இரண்டு மொழியும் தெரிந்த ஆள் வேண்டும், சம்பளம் குறைவாக வாங்க வேண்டும் என்று தேடியவர்களுக்கு நான் கிடைத்தேன்.

கிளையின் பொறுப்பாளர் திரு. நாயக்கர். கம்போங் செட்டி என்ற குடியிருப்பில் பல தலைமுறையாக வாழும் குடும்பம். பெயர் தமிழ், கும்பிடுவது மாரியம்மனை, திருவிழாவில் முன்வரிசையில் நிற்பார். ஆனால் ஒரு தமிழ் எழுத்தும் தெரியாது. வீட்டில் பேசுவது அவர்களுக்கே உரிய ஒரு மலாய். அலுவலகத்தில் எழுதுவது ஆங்கிலம். அவர் எழுதுவதை நான் தமிழாக்கி, தொலைபேசியில் கோலாலம்பூருக்கு வாசிப்பேன். அங்கிருந்து அது தமிழ்ப் பத்திரிகைகளுக்குப் போகும். நான் என்ன வாசிக்கிறேன் என்பது அவருக்குப் புரியாது. அதனால் வாசிக்கும் முன், "இந்தச் சொல்லுக்கு மலாயில் சரியாக என்ன?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். தனக்குப் புரியாத ஒரு சொல் தன் கிளையிலிருந்து வெளியே போவது அவருக்குப் பிடிக்காது.

காட்டிலிருந்தவர்களின் பெயர்கள்

அது மலாயாவில் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலம். போர் என்று சொல்லக்கூடாது. போர் என்று சொன்னால் தோட்டங்களுக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைக்காது, அதனால்தான் இந்தப் பெயர் என்று கிளப்பில் வெள்ளைக்காரத் துரைமார் பேசிக்கொள்வார்களாம். உண்மையோ பொய்யோ, நாங்கள் 'அவசரகாலம்' என்றே எழுதினோம்.

காட்டிலிருந்து சண்டை போட்டவர்களை முதலில் 'கொள்ளைக்காரர்கள்' என்று எழுதச் சொன்னார்கள். சில ஆண்டுகள் கழித்து, இனிமேல் 'பயங்கரவாதிகள்' என்றுதான் எழுத வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. தமிழில் இந்தச் சொல் அப்போது எங்களுக்குப் பழக்கமில்லை. "பயங்கரம்னா பேய்ப் படத்து நோட்டீஸ்ல போடறதாச்சே, சார்" என்று கோலாலம்பூரில் தமிழ்ப் பகுதித் தலைவரிடம் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். "வேற சொல் இருந்தா சொல்லும்மா. இல்லன்னா அதையே போடு." வேறு சொல் எனக்கும் கிடைக்கவில்லை.

தோட்டத்து ஜனங்கள் இந்த இரண்டையும் வைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு 'காட்டு ஆளுங்க', அவ்வளவுதான்.

என் அப்பா இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார். ஜப்பான்காரன் காலத்திலும் காட்டில் ஆட்கள் இருந்தார்கள். ஜப்பான்காரன் பத்திரிகை அவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்றது. ஜப்பான்காரன் போனதும் அவர்கள் ஊருக்குள் அணிவகுத்து வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் கொடி பிடித்து வரவேற்றோம். அப்போது அவர்கள் வீரர்கள். மூன்று வருஷத்தில் மறுபடியும் கொள்ளைக்காரர்கள். "கட்டுப் போடறவனுக்கு எல்லாக் காயமும் ஒண்ணுதான்" என்பார் அப்பா.

அதற்காக, காட்டிலிருந்து வந்தவர்கள் செய்தது கொஞ்சம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆட்களை வேலை வாங்கும் ஒரு தோட்டத்து மண்டோரை மனைவி பிள்ளைகள் கண்முன்னால் மரத்தில் கட்டிவைத்து வெட்டினார்கள். பஸ்ஸை நிறுத்தி எரித்தார்கள். அந்தச் செய்திகளையும் நான்தான் எழுதினேன். அப்போது 'பயங்கரவாதி' என்று தட்டச்சு செய்ய என் விரல் தயங்கவில்லை.

தயங்கியது வேறொன்றுக்கு. ஆங்கிலத்தில் ஒருவன் செத்தாலும் ஒருவர் செத்தாலும் ஒரே வினைச்சொல்தான். தமிழில் அந்த வசதி கிடையாது. கடைசி எழுத்தில் நாம் யார் பக்கம் என்பது தெரிந்துவிடும். எங்கள் நிறுவனத்தில் அதற்கும் விதி இருந்தது. போலீஸ்காரர் 'உயிர் துறந்தார்'. தோட்டத் துரை 'பலியானார்'. காட்டு ஆள் 'சுட்டு வீழ்த்தப்பட்டான்'. நாயக்கரிடம் இதை விளக்கியபோது அவர் நம்பவில்லை. "ஒரே ஓர் எழுத்திலா?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். "மோசமான மொழி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நேர்மையான மொழி" என்றும் சொன்னார்.

செவந்தி

மழையில் வந்த பெண்ணின் பெயர் செவந்தி. மலாக்காவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர். கணவர் முனியாண்டியும் அதே வேலை. கூட வந்தவர் முனியாண்டியின் தம்பி ராமையா. அவர் டவுனில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்குபவர், சங்கத்து ஆள். எங்கள் அலுவலகத்துக்கு வழி காட்டியது அவர்தான்.

நாற்காலியில் உட்காரச் சொன்னேன். ஈரமாகிவிடும் என்று செவந்தி உட்காரவில்லை.

"எங்க பசுமாடு ராத்திரி திரும்பல. சினை மாடு. கம்பி வேலிக்கு அந்தாண்ட கத்துற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஊரடங்கு முடியட்டும்னு சொன்னேன். கொஞ்சம் வெளுத்தா போதும்னு இவரு கெளம்பிட்டாரு. அவசரத்துல ஐ.சி.யக்கூட எடுக்கல. கொஞ்ச நேரத்துல சுடுற சத்தம்."

இடுப்பிலிருந்து அந்த அடையாள அட்டையை எடுத்து என் மேசைமேல் வைத்தார். படத்தில் முனியாண்டி கண்ணை அகல விரித்திருந்தார். கேமராவைப் பார்த்துப் பயந்தவர் போல.

"போலீஸ் ஸ்டேஷன்ல கேட்டீங்களா, அக்கா?"

"வாசல்ல புல்லு மேல படுக்க வெச்சிருக்காங்க. போறவங்க வர்றவங்க எல்லாம் பாக்கறாங்க. கிட்ட போவல. என் புருசன்னு சொன்னா என்னையும் புடிச்சி வெச்சுக்குவாங்கன்னு எல்லாரும் பயமுறுத்துனாங்க. ரோட்டுக்கு இந்தாண்ட நின்னு பாத்தேன். காலு தெரிஞ்சுது. அவரு காலுதான்."

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அவரிடம் சொல்லியிருந்தது இதுதான்: பத்திரிகையில் என்ன வருகிறது என்று பார்ப்போம். பயங்கரவாதி என்று வந்துவிட்டால், துரை உன்னைத் தோட்டத்து லய வீட்டில் வைத்திருக்க மாட்டார். பிள்ளைகளோடு வெளியேற வேண்டியதுதான். கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்கள்.

"எந்த ஊருக்கு? நான் இங்கதாம்மா பொறந்தேன். அந்த ஊரு எந்தப் பக்கம் இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

ராமையா இப்போது முன்னால் வந்தார். "தங்கச்சி, பயங்கரவாதின்னும் போடாத, சும்மா செத்தாருன்னும் போடாத. தோட்டத் தொழிலாளி, வெள்ளைக்காரன் குண்டுக்குப் பலியான தியாகின்னு போடு. எங்க சங்கத்து ஆளுங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

செவந்தி திரும்பி அவரைப் பார்த்தார். "அவரு யாருக்காகவும் சாவல, தம்பி. மாட்டத் தேடிப் போனாரு."

"அண்ணி, நீ சும்மா இரு. இப்ப விட்டா..."

"மாட்டத் தேடிப் போனாரு" என்று செவந்தி மறுபடியும் சொன்னார். குரல் உயரவில்லை.

ராமையா படிக்கட்டில் போய் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அண்ணன் செத்ததற்கு அவர் அப்போதுதான் அழுதார் என்று நினைக்கிறேன்.

துணிப்பை

நாயக்கர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்ப் பேச்சு அவருக்கு அரைகுறையாகவே பிடிபடும். நான் மலாயில் சொல்லச் சொல்ல அவர் முகம் சோர்ந்துகொண்டே போனது. ரோந்துப் படையினர் ஒரு பயங்கரவாதியைச் சுட்டதாக வந்திருந்த போலீஸ் அறிக்கையை எடுத்து மறுபடியும் படித்தார்.

"உணவுப் பொருள்கள் கைப்பற்றப்பட்டன என்று இருக்கிறது. அதைக் கேள், மிஸ்."

காட்டு ஆட்களுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி கொண்டுபோவதையும் தடை செய்திருந்த காலம். பையில் சாப்பாடு இருந்தது என்றால், அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

கேட்டேன். செவந்திக்கு முதலில் புரியவில்லை. பிறகு, "தவுடும்மா!" என்றார். "மாடு மெரண்டு நின்னா தவுட்டக் காட்டித்தான் கூப்பிடுவாரு. துணிப்பைல ரெண்டு கை அள்ளிப் போட்டுக்கிட்டுப் போனாரு."

தவிட்டுக்கு மலாயில் சட்டென்று எனக்குச் சொல் வரவில்லை. நெல் குத்தினால் வருவது, கோழிக்குப் போடுவது என்று கையால் காட்டினேன்.

"டெடாக்!" என்றார் நாயக்கர். அவர் வீட்டில் வாத்து வளர்த்தார்கள்.

தொலைபேசியை இழுத்தார். வழக்கமாகப் பேசும் அரசாங்கச் செய்தி அதிகாரியை அவர் அழைக்கவில்லை. தோட்டத்துக்குப் பக்கத்துச் சின்ன டவுனில், உடல் கிடந்த போலீஸ் நிலையத்தையே நேராகக் கேட்டார். எடுத்தது ஒரு மலாய்க் கார்ப்பரல். நாயக்கர் குசலம் விசாரித்தார், அங்கே மழை எப்படி என்று கேட்டார், பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். இந்தப் பக்கப் பேச்சுதான் எனக்குக் கேட்டது. மறுபக்கத்தை அவர் பிறகு சொன்னார்.

"அந்த ஆளோட பையில என்ன இருந்தது?"

"சாப்பாட்டுச் சாமான்னு ரிப்போர்ட்ல இருக்கு, துவான்."

"ரிப்போர்ட் என்கிட்டயும் இருக்கு. நீ பையைத் திறந்து பார்த்தியா?"

கார்ப்பரல் குரலைத் தணித்து, "டெடாக், துவான்" என்றாராம்.

"துப்பாக்கி, கத்தி ஏதாவது?"

"இல்லை. ஒரு கயிறு."

நாயக்கர் தொலைபேசியை வைத்துவிட்டு, செய்தி அதிகாரியை அழைத்தார். இவர் மலாக்காவிலேயே இருக்கும் ஆங்கிலேயர். இவரோடு பேச்சு நீண்டது. அறிக்கை அறிக்கைதான், நீங்கள் செய்தி நிறுவனம், நீதிமன்றம் அல்ல என்றார் அவர். "நான் தீர்ப்பு எழுதவில்லை, பையில் இருந்ததை எழுதுகிறேன்" என்றார் நாயக்கர். அடையாள அட்டையின் எண்ணையும் நிதானமாக வாசித்துக் காட்டினார்.

என் இயந்திரத்தில் இருந்த தாளை உருவிவிட்டுப் புதுத் தாள் செருகினேன். 'பால்மரத் தொழிலாளி முனியாண்டி என்பவர் நேற்று விடியற்காலையில் ரோந்துப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பயங்கரவாதி என்று போலீஸ் அறிக்கை கூறுகிறது. காணாமற்போன மாட்டைத் தேடிப் போனார் என்று அவர் மனைவி கூறுகிறார். அவரிடம் ஒரு கயிறும், தவிடு இருந்த ஒரு பையும் காணப்பட்டதாகத் தெரிகிறது.'

செவந்திக்கு வாசித்துக் காட்டினேன். ராமையாவும் படிக்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"போலீசு சொல்றதயும் போடணுமா?" என்று கேட்டார் செவந்தி.

"போடணும், அக்கா. அத விட்டுட்டா நீங்க சொல்றதயும் கோலாலம்பூர்ல எடுத்துருவாங்க."

அவர் யோசித்தார். "மாட்டப் பத்தி இருக்குல்ல. சரி."

கோலாலம்பூருக்கு வாசித்தேன். தமிழ்ப் பகுதித் தலைவர் நடுவில் நிறுத்தினார்.

"என்னம்மா, கொல்லப்பட்டா'ர்'னு வாசிக்கிற? நாக்குக் குளறிடுச்சா?"

"இல்லைங்க சார். அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"பயங்கரவாதிக்கு 'ர்' கிடையாதுன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கோம்?"

"பயங்கரவாதின்னு சொல்றது போலீஸ், சார். நாம சொல்லல. 'ர்' போடறதுதான் நாம."

"ஏம்மா எனக்கு வேலை வைக்கிற..." என்று அலுத்துக்கொண்டார். ஆனால் எடுத்துக்கொண்டார்.

மறுநாள்

காலையில் முச்சந்தியில் தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்திய மாமாக் டீக்கடையில் பத்திரிகைகளைப் பார்த்தேன். ஒன்றில் நான் எழுதியது அப்படியே வந்திருந்தது. இன்னொன்றில் யாரோ பொறுமையாக உட்கார்ந்து எல்லா 'ர்'ஐயும் 'ன்' ஆக்கியிருந்தார்கள். மனைவி கூறுகிறாள், மாட்டைத் தேடிப் போனான், அவனிடம் தவிடு இருந்தது. ஆங்கிலப் பத்திரிகையில் போலீஸ் அறிக்கை முழுவதும் வந்து, கடைசி வரியில் தவிடு தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மட்டும் படித்தவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. தூக்கம் வந்தது.

சில நாள் கழித்து ராமையா வந்து சொன்னார். உடலைக் கொடுத்துவிட்டார்களாம். மன்னிப்பு, விளக்கம் எதுவும் இல்லை. பின்வாசல் வழியாக எடுத்துப்போகச் சொன்னார்களாம். செவந்தியை யாரும் பிடிக்கவில்லை. கிராணியும் வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. மாடு தானாகவே திரும்பி வந்துவிட்டதாம். இதைச் சொல்லும்போது ராமையா சிரிக்க முயன்றார், முடியவில்லை. தியாகி பேச்சை அவர் எடுக்கவில்லை. நாயக்கரின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் ஏதேதோ சொன்னார். நாயக்கர் மலாயில் ஏதேதோ சொன்னார். மொழிபெயர்க்கச் சொல்லி இருவருமே என்னைக் கேட்கவில்லை.

திருத்தம் வருமா என்று நாயக்கர் செய்தி அதிகாரியைக் கேட்டார். போன வாரத்து அறிக்கையை யாரும் திருத்துவதில்லை என்று பதில் வந்தது. அரசாங்கத்தின் தாள்களில் முனியாண்டி கடைசிவரை பயங்கரவாதியாகவே இருந்திருப்பார்.

எங்களை யாரும் திட்டவில்லை, தண்டிக்கவும் இல்லை. கொஞ்ச காலம் கழித்துத் தமிழ் மொழிபெயர்ப்பை முழுவதுமாகக் கோலாலம்பூருக்கே எடுத்துக்கொண்டார்கள். சொற்கள் எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டுமாம். எனக்கு ரப்பர் விலையும், மிளகு விலையும், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பெயர்களும் கொடுத்தார்கள். கப்பலுக்கு 'ன்' போடுவதா, 'ர்' போடுவதா என்ற தொல்லை இல்லை. உண்மையைச் சொன்னால் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி பிடிக்கவும் இல்லை.

கிளேபாங் பஸ் நிறுத்தம்

சுதந்திரம் வந்தது. காட்டில் சண்டை ஓய்ந்துகொண்டிருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகி கிளேபாங்கில் குடியிருந்தேன். ஒரு நாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, "அம்மா, என்னத் தெரியுதா?" என்று ஒரு குரல்.

செவந்தி. கொஞ்சம் சதை போட்டிருந்தார். தோட்டத்தை விட்டுவிட்டு குருபோங் பக்கம் ஒரு சிறு துண்டு நிலத்தில் காய்கறி போடுவதாகச் சொன்னார். கிளேபாங்கில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்தாராம். கூட மகன், பத்து வயது இருக்கும். எதிர்க்கடையில் சீவி உருட்டிய ஐஸ் கட்டி வாங்கி, சிவப்புச் சர்க்கரைப் பாகு கைவழியே ஒழுக உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கி நீங்க எழுதுன பேப்பர ரொம்ப நாளு வெச்சிருந்தேன்" என்றார் செவந்தி. "அப்புறம் எரிச்சிட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

"ஏன், அக்கா?"

"பையன் படிக்கக் கத்துக்கிட்டான்."

அவர் மகனைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "புதுசா வந்த எடத்துல எல்லாரும் கேக்கறாங்க, ஒங்க வீட்டுக்காரரு எப்படிப் போனாருன்னு. சுட்டுட்டாங்கன்னு சொன்னேன்னு வைங்க, ஒடனே ஏன் சுட்டாங்கன்னு கேக்கறாங்க. மாட்டப் பத்திச் சொன்னா, அப்படியான்னு சொல்லிட்டு மூஞ்சியப் பாக்கறாங்க. நம்பல. அதான் காய்ச்சல்னு சொல்லிட்டேன். காய்ச்சல்னா யாரும் ஏன்னு கேக்கறதில்ல."

அப்போது என் பக்கத்து வீட்டு அம்மா பஸ்ஸுக்கு வந்து சேர்ந்தார். பேச்சுத் துணை கிடைத்தால் விடாதவர். ஐஸ் கட்டியோடு வந்த பையனின் கன்னத்தைத் தட்டி, "ஒங்கப்பா என்ன வேலைடா பாக்கறாரு?" என்று கேட்டார்.

"அப்பா இல்ல. நான் சின்னப் புள்ளயா இருந்தப்ப காய்ச்சல் வந்து செத்துட்டாரு."

"ஐயோ பாவம். என்ன காய்ச்சல்?"

பையன் அம்மாவைப் பார்த்தான். அடுத்த கேள்வி ஒன்று இருக்கும் என்று செவந்தி எதிர்பார்த்திருக்கவில்லை.

"மலேரியா" என்றேன் நான். "எனக்குத் தெரியும். அவர நான் பாத்திருக்கேன். ரொம்ப நல்ல மனுஷர்."

பக்கத்து வீட்டு அம்மா உச்சுக் கொட்டினார். அந்தக் காலத்தில் தோட்டத்தில் மலேரியாவில் போனவர்கள் எத்தனை பேர் என்று தொடங்கி, தன் சித்தப்பா கதைக்குப் போனார். பையன் அதை வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

குருபோங் போகும் பஸ் வந்தது. மகனை முன்னால் ஏற்றிவிட்டு, செவந்தி படியில் கால் வைத்தார். ஏறும் முன் என் முழங்கையை ஒரு முறை அழுத்திப் பிடித்தார், பிறகு விட்டார்.